கூட்டேரிப்பட்டு வழியாக மயிலம்: ஒரு ஹெரால்டு பிரயாணம்

பழைய மோட்டார் வண்டியை நல்ல ஸ்திதியில் வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, எந்த எண்ணெய் உயர்ந்தது, எந்த மெழுகு பளபளப்பைத் தரும் என்றெல்லாம் நான் விஸ்தாரமாகப் பதில் சொல்வதில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்த் திரும்புவதோடு நின்றுவிடும் வண்டியின் என்ஜின், முழுச் சூட்டை அடைவதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிடுவதால், பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாமல் எண்ணெயோடு கலந்து, வால்வு மூடியின் உட்புறத்தில் வெளிறிய பசையாகப் படிந்து, நாளடைவில் பேரிங்குகளை அரிக்கத் தொடங்குகிறது. ஸ்டார்ட் செய்வதற்குக் கொடுத்த மின்சாரத்தைத் திரும்பப் பெற பாட்டரிக்கு அவகாசம் கிடைப்பதில்லை. பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் வாஷர்கள் அசைவில்லாமல் இருந்த இடத்திலேயே இறுகிவிடுகின்றன. கண்ணாடி அறைக்குள் வைத்து, துணி போர்த்தி, பார்ப்பவர்களுக்கு மட்டும் திறந்து காட்டப்படும் வண்டிகள் பலவும் இவ்விதமே உள்ளுக்குள் க்ஷீணித்துப் போகின்றன என்பதை அறிந்தவன் ஆதலால், சென்னையிலிருந்து தெற்கே போகும் பெருவழியில் ஏறி, கூட்டேரிப்பட்டு வரை போய், அங்கிருந்து கிழக்கே மயிலத்துக்குத் திரும்பும் பிரயாணத்தை என் வண்டியின் பராமரிப்பில் ஓர் அங்கமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டேரிப்பட்டு பெரிய ஊர் அல்ல. திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையில், திருச்சி நோக்கிப் பறக்கும் பஸ்களும் கார்களும் பெரும்பாலும் பெயர்ப் பலகையைக்கூடப் படிக்காமல் கடந்துவிடும் ஒரு கூட்டு ரோடு. டீக் கடைகள், பஞ்சர் கடை, பழக் குவியல்கள், மயிலம் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கும் ஆட்டோக்கள் — இவ்வளவுதான் அதன் தோற்றம். ஆயினும் என்னுடையதைப் போன்ற வண்டிக்கு அது மிகவும் பொருத்தமான இடம் என்பதை இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1960-களில் செய்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைப்பது தகுமா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. 948 சி.சி. என்ஜின், நாற்பது குதிரைச் சக்தியைத் தொடாத வலிமை, நான்கு பேர் உட்காரும் இடவசதி என்று கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது நியாயமாகவே தோன்றும். ஆனால் 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்த இந்த வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே முன் சக்கர அமைப்பையும் அதே பின் சக்கர அமைப்பையும் வைத்து, இரண்டு கார்புரேட்டர்கள் பூட்டிய 1147 சி.சி. என்ஜினைப் பொருத்தி 1962-இல் டிரையம்ப் கம்பெனியார் வெளியிட்டதுதான், உலகம் முழுதும் ரசிகர்களைச் சம்பாதித்த ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உருவம் தீட்டியவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி ஒருவரே. அந்நிய வண்டிகள் இறக்குமதியாவது அநேகமாக நின்றுபோய், அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த அந்தக் காலத்து இந்தியாவில், ஓட்டுவதிலேயே இன்பம் காணும் மனமுடையவனுக்கு ஹெரால்டே ஸ்போர்ட்ஸ் காராக இருந்தது. யுத்த காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பந்தயங்கள் நடத்திய நாட்களில், ஃபியட்டுகளோடு ஹெரால்டுகளும் அங்கே ஓடின. நான் அந்தப் பெயரை அதற்குக் கொடுப்பது உறவு பற்றியும், அது ஓடுகின்ற விதம் பற்றியுமே தவிர, வேகம் பற்றியன்று.

இதைச் செய்த தொழிற்சாலையும் வெகு தூரத்தில் இருந்ததன்று. நான் பிரயாணம் செய்யும் இதே ரஸ்தாவில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் அருகே இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் அந்தக் கம்பெனி 1948-இல் தொடங்கி, முதலில் வான்கார்டு வண்டிகளைப் பூட்டி, 1961-இல் ஹெரால்டை வெளியிட்டது. பிறகு நான்கு கதவு ஹெரால்டும், 1972-இல் கெஸல் என்ற மாற்று உருவமும், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியும் வந்து, 1988-ஓடு கார் உற்பத்தி முடிந்துபோயிற்று. இங்கிலாந்தில் ஹெரால்டு பிறந்த கதையும் சுவாரஸ்யமானது. தங்களுக்கு உடற்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியை 1953-இல் போட்டியாளர் வாங்கிவிட்டதால், முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் அழுத்திச் செய்வதற்கு ஆள் கிடைக்காமல், ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியார் தனியான அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, பானெட், நடுப்பகுதி, டிக்கி என்று துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் தயாரித்த தகடுகளை அதன்மேல் போல்ட்டால் முடுக்கும் உபாயத்தைக் கைக்கொண்டார்கள். கஷ்டத்தில் பிறந்த அந்த ஏற்பாடே, பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பித் தூர தேசத்தில் பூட்டிக்கொள்வதற்குச் சௌகரியமாகப் போயிற்று; அறுபது வருஷத்துக்குப் பின் என்னைப் போன்றவன் துருப்பிடித்த ஒரு பகுதியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்வதற்கும் அதுவே வழி செய்திருக்கிறது.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை செய்யும் வேலைகளை நான் பிரயாணத்தின் தொடக்கமாகவே கருதுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட்டின் முகத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஃபீலர் கேஜின் 0.015 அங்குலத் தகடு இழுத்தால் இலேசாகப் பிடித்துக்கொண்டு வரும் அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்வது. பிளக்குகளின் இடைவெளி 0.025 அங்குலம் இருக்கும்படி தட்டி, பீங்கானின் நிறம் வெளிர் காப்பிப் பொடியின் சாயலில் இருப்பதைக் கண்டு திருப்தி அடைவது. ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது. ரேடியேட்டர் தண்ணீர், என்ஜின் எண்ணெய், பிரேக் எண்ணெய், ஸ்டெப்னியின் காற்று ஆகியவற்றைப் பார்ப்பது. இவை ஒவ்வொன்றும் சில நிமிஷ வேலை. இந்த வேலைகளைச் செய்யும்போது வேறெதையும் நினைக்க முடியாது என்பதும், ஹெரால்டின் பானெட் முழுவதும் இரு முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்து திறப்பதால் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜினைத் தொட முடிகிறது என்பதும் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகின்றன. மற்ற எந்த வண்டியும் தன்னைப் பழுது பார்க்கிறவனை இவ்வளவு மரியாதையாக உட்கார வைப்பதில்லை.

மாசி மாதத்து விடியற்காலையில் தாம்பரத்தைக் கடந்து, பெருங்களத்தூரில் அந்தப் பழைய தொழிற்சாலை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே போனேன். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று நகரத்தின் நீட்சி முடிந்து, செங்கல்பட்டில் கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பு தெரிந்த பிறகுதான் வண்டியின் குரல் மாறியது. குளிர்ந்திருக்கையில் வால்வுகளிலிருந்து வரும் தட்டல் அடங்கி, எண்ணெய் இளகி, என்ஜின் ஒரே சுருதியில் நிற்கும் அந்த நிலைமைக்காகவே இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது. பாலாற்றுப் பாலம், படாளம், மதுராந்தகத்து ஏரிக்கரை, அச்சிறுபாக்கத்துக் குன்று எல்லாம் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக நகர்ந்தன. நாற்கரச் சாலை இந்த வண்டிக்கு உகந்ததல்ல என்று சொல்லத்தான் வேண்டும். இடது ஓரமாகப் போனாலும், பின்னால் வரும் ஆம்னி பஸ்களின் ஹாரன் ஓயாமல் துரத்துகிறது. லாரி கடக்கும்போது எழும் காற்று, எண்ணூறு கிலோவை ஒட்டிய எடையுள்ள வண்டியை ஒரு முழம் ஒதுக்கிவிடுகிறது. நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு ஓட்டுகிறவனிடம் பொறுமையைத் தவிர வேறு திறமை தேவையில்லை. அந்தத் திறமையற்ற ஓட்டத்துக்காக ஹெரால்டைச் செய்யவில்லை. என்ஜின் சூடேறி ஈரம் கழிவதற்கு மட்டுமே பெருவழி. திண்டிவனம் தாண்டிச் சிறிது தூரத்தில் கூட்டேரிப்பட்டு வந்துவிடுகிறது.

வெயில் ஏறியிருந்தது. பஞ்சர் கடைக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில் நிறுத்தி, பானெட்டைக் கவிழ்த்துத் திறந்தவுடன், டீக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார்கள்.

“என்னா வண்டிங்க இது? மூஞ்சியே முழுசா கழண்டு வருதே!” என்றார் ஒருவர்.

கரும்பு லோடு டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு வந்த முதியவர் பதிலை என்னிடம் விடவில்லை. “ஹெரால்டுப்பா. அந்தக் காலத்துல எங்க ஊருக்கு வர்ற டாக்டரு இதுலதான் வருவாரு. சந்துக்குள்ளயே ஒடிச்சுத் திருப்பிடுவாரு” என்று, அந்த வண்டியின் தலையாய குணத்தையே நினைவில் வைத்துச் சொன்னார். ஏறக்குறைய 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பும் சக்தி இதற்கு உண்டு. முன் சக்கரங்கள் ஒடியும் கோணத்தைப் பார்த்தால் அச்சு முறிந்துவிட்டதோ என்றே புதியவர்களுக்குத் தோன்றும்.

அந்த முதியவரின் டிராக்டரில் இருந்த கரும்பு, இங்கிருந்து தெற்கே முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலைக்குப் போவது. கரும்புக்கும் என் வண்டிக்கும் இப்போது நெருங்கிய சம்பந்தம் ஏற்பட்டிருக்கிறது. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நாடெங்கும் வழங்கப்படுகிறது. அந்த எத்தனாலில் கணிசமான பகுதி கரும்பிலிருந்து வருவது. விவசாயிக்கு அதனால் நன்மை உண்டென்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. 1960-களின் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் மெல்ல மெல்லக் கரைத்து இளக்கிவிடக் கூடியது. 78 டிகிரியிலேயே கொதிப்பதால், வெயில் நாளில் சூடான என்ஜினை நிறுத்தியதும் குழாய்க்குள் ஆவியாகி, பெட்ரோல் மேலேறாதபடி அடைத்துக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே ரப்பர்க் குழாய்களையெல்லாம் எத்தனாலைத் தாங்கும் புதிய வகைக்கு மாற்றியிருக்கிறேன். வண்டியை நிறுத்தி வைக்கும் நாட்களில் டாங்கி நிறையப் பெட்ரோல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வழியில் நின்றால், நம் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வைத்தியப்படி பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுகிறேன். அன்றைக்கும் பஞ்சர் கடைத் தொட்டியில் துணியை நனைத்துச் சுற்றிவிட்டு, முன் சக்கரங்களைக் கவனிக்கத் தொடங்கினேன்.

ஹெரால்டு குடும்பத்து வண்டிகளின் உயிர்நிலை என்று நான் நினைப்பது, முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் இருக்கும் டிரன்னியன் என்னும் பித்தளைத் துண்டை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, தண்டின் கீழ்ப்பகுதியில் வெட்டியிருக்கும் மரை அந்தத் துண்டுக்குள் சுழல்கிறது. வண்டியின் முன் பாரம் முழுதும், பள்ளத்தில் விழும் அதிர்ச்சி முழுதும், அந்த மரையில்தான் இறங்குகிறது. கடையிலிருந்த பையனிடம் ஜாக்கி வாங்கி, இடது சக்கரத்தைத் தூக்கி, கிரீஸ் கன்னில் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலை நிரப்பி நிப்பிளில் பொருத்தியதும், அவன் குந்தி உட்கார்ந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

“சார், நிப்பிள்னா கிரீஸ்தானே அடிப்பாங்க? நீங்க ஏன் ஆயில் விடுறீங்க?”

அந்த வயதில் அவ்வளவு சரியான கேள்வி கேட்பவனைப் பார்ப்பது எனக்குப் பெரும் ஆனந்தமாக இருந்தது. “தம்பி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாத் திருப்பு, அப்புறம் சொல்றேன்” என்றேன். அவன் திருப்பத் திருப்ப, மேல் விளிம்பில் முதலில் செம்பழுப்பு நிறமாகவும், பிறகு கறுப்பாகவும், கடைசியில் தெளிந்த பொன்னிறமாகவும் எண்ணெய் கசிந்து வந்தது. கிரீஸ் நாளானால் இறுகி மரையின் அடிவரைக்கும் போகாமல் நின்றுவிடும், அந்த இடைவெளியில் தண்ணீர் தங்கி எஃகுத் தண்டைத் துருப்பிடிக்கச் செய்யும், ஒரு நாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும், ஆனால் எண்ணெய் தானாகவே இறங்கி மரையின் ஒவ்வொரு சுற்றையும் நனைக்கும் என்று அவனுக்கு விளக்கினேன். வலது சக்கரத்தை அவனே செய்தான். கறுப்பு எண்ணெய் நின்று பொன்னிறம் தெரிந்த பிறகும், இன்னும் இரண்டு தடவை கன்னை அமுக்கி, கசிந்ததை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, மண் துகள் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டுதான் எழுந்தான். வண்டிகளைக் காப்பாற்றப் போகிறவர்கள் இத்தகையவர்கள்தாம். சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் இனிமேல் ஹெரால்டு சாமான் கிடைக்காவிட்டாலும், இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்கலாம், லேத் பட்டறையில் கடையச் சொல்லலாம். அந்த விரல் நுனிச் சோதனையை வரவழைக்க முடியாது.

பழைய வண்டிகளைக் காப்பாற்ற, ஐம்பது வயது கடந்தவற்றுக்கென்று 2021-இல் மத்திய அரசும் தனி விதிகள் வகுத்திருக்கிறது. அவற்றின்படி ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்துகொண்ட வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு முதலிய காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். பாரம்பரிய வண்டிகளுக்கு ஓர் அந்தஸ்து கிடைத்ததை வரவேற்கிறேன். எனினும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவிலேயே என் வண்டியை வைத்திருக்கிறேன். அது காய்கறி வாங்கவும் கல்யாணத்துக்குப் போகவும் உரிமை உள்ளதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கூட்டேரிப்பட்டிலிருந்து கிழக்கே திரும்பியதும் ஹெரால்டு தன் சொந்த ரஸ்தாவுக்கு வந்துவிடுகிறது. புளிய மரங்களும் பனைகளும் நிற்கும் சாலை. இருபுறமும் வேர்க்கடலைக் கொல்லை, நெல், கரும்பு, அறுவடை தொடங்கிய தர்ப்பூசணி. ஏரிக்கரையை ஒட்டி ஒரு வளைவு, அதை அடுத்து எதிர்த் திசையில் மற்றொன்று. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இங்கே கிடைக்கும் அனுபவம் பெருவழியில் எந்த வேகத்திலும் கிடைப்பதில்லை. இருக்கை தாழ்வானது, கண்ணாடிகள் அகலமானவை, ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் சாலையின் ஒவ்வொரு சரளைக் கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லிவிடுகிறது. ஆயினும் இந்த வண்டியை வளைவில் செலுத்துவதற்கு ஒரு சிட்சை உண்டு. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் கோத்தவை அல்ல. நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் இரு பக்கங்களிலிருந்தும் தனித்தனியே, கதவு கீலில் ஆடுவது போல மேலும் கீழும் ஆடுபவை. வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால், வண்டியின் பின்புறம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கி, பிடிமானம் தளர்ந்து சுழன்றுவிடும். டிரையம்ப் கம்பெனியார் 1970-இல் ஸ்பிட்ஃபயரின் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கை மாற்றியமைத்து இந்தக் குணத்தைச் சாந்தப்படுத்தினார்கள். பழைய அமைப்போடு இருப்பவன், வளைவுக்கு முன்பாகவே பிரேக்கைப் போட்டு முடித்து, கியரை இறக்கி, உள்ளே நுழைந்ததும் ஆக்ஸிலரேட்டரை மென்மையாக அழுத்திக்கொண்டே வெளியே வர வேண்டும். அப்படிச் செய்தால் பின்புறம் சற்றே அமர்ந்து, முன் சக்கரம் நாம் கண் வைத்த இடத்துக்கே போய்ச் சேர்கிறது. ஏரிக்கரையின் அந்த இரட்டை வளைவை இவ்விதம் கடந்தபோது உண்டான உல்லாசத்தை நான் எந்த விலை உயர்ந்த புதிய வண்டியிலும் அடைந்ததில்லை. புதிய வண்டிகள் ஓட்டுகிறவனின் குறைகளைத் தாமே திருத்திவிடுகின்றன. இது, சரியாகச் செய்தவனுக்கு மட்டும் தன்னைக் கொடுக்கிறது.

மயிலத்துக் குன்று வெகு சீக்கிரம் கண்ணில் பட்டுவிடுகிறது. பொம்மபுர ஆதீனத்தின் பரிபாலனத்தில் இருக்கும் முருகன் கோயில் அதன்மேல் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நாள் இருந்தபோதிலும் காவடி எடுத்து வந்தவர்கள் சிலர் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு எலுமிச்சம் பழம் வைத்துப் பூஜை செய்துகொண்டிருந்தவர், என் வண்டியைக் கண்டதும், “இதுக்கும் போட்ருவோங்க, ஐயா” என்று தாமாகவே வந்து, முன் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, நான்கு சக்கரங்களுக்கும் பழம் வைத்தார். புது வண்டிக்கு ஒரு முறை செய்வதைப் பழைய வண்டிக்கு ஆண்டுதோறும் செய்வது உசிதம் என்றே எனக்குப் பட்டது.

தரிசனம் முடிந்து, பூக்கடைகளுக்கு நடுவே இருந்த குறுகலான இடத்தில், டிராக்டர்க்காரப் பெரியவர் சொன்ன டாக்டரைப் போலவே ஒரே ஒடிப்பில் வண்டியைத் திருப்பினேன். புதுச்சேரி செல்லும் சாலையில் சற்றுத் தூரம் போய் வழிமாறினால் திருவக்கரை. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று மதிப்பிடப்படும் மரங்கள் கல்லாகிக் கிடக்கும் பூங்கா அங்கே உண்டு. வண்டிக்கு இன்னும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம் நல்லதென்று தோன்றியதால் அந்த வழியே பிடித்தேன். தெர்மாமீட்டரின் முள் நடுவில் நிலைத்திருந்தது. பம்பின்மேல் சுற்றிய துணி உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கும், ஈரத்தை வடித்துக்கொண்டிருந்த பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கும் திருவக்கரையில் ஒரு நிழல் கிடைத்தால் போதும் என்று எண்ணிக்கொண்டு, மூன்றாவது கியரிலேயே அந்தச் சாலையில் இறங்கினேன்.